பொம்பளைங்க யாரும் பார்க்கலையாம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இதிலும் முன்னால் வரவேண்டியது பின்னால் வந்துவிடுகிறது. சிலது அடியோடு மறந்தும் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஆறோ ஏழோ வருஷம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கம்பி மில்லில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு ஒரே மகள். பொன்னேரியில் காலேஜ் படித்தாள், ஆனால் படிப்பைவிடக் கால்பந்துதான் அவளுக்கு. பள்ளிக்கூடத்திலேயே டிரில் டீச்சர் இழுத்துவிட்டது அது. வருகிற பந்தைத் தடுக்கிற இடத்தில் நிற்பாள். முட்டியில் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டும் இன்னொன்று புதிதாகவும் இருக்கும்.

அந்த வருஷம் ஆரணியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு நெல் மண்டியில் கணக்கு வேலை. பெண் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. அதே மாதம்தான் அவளை மாநில டீமில் சேர்த்தார்கள். இந்தியா முழுக்க இருந்து பெண்கள் வந்து ஆடும் பெரிய போட்டி, டிவியிலும் காட்டப் போகிறார்கள் என்று ஓடி வந்தாள்.

"நைனா, ஒரே ஒரு தபா பாரு நைனா. நீ என்ன கிரவுண்டுல பாத்ததே இல்ல."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, டிவில வரட்டும். என் கண்ணால பாக்கறேன். ஆட்டம்னு சொல்ற மாதிரி இருந்தா ஆரணிக்காரங்களுக்கு இப்ப வேணாம்னு சொல்லிடறேன். இல்லன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது, இன்னா?"

"எழுதியே தரேன் நைனா."

"எழுதிக் கிழிச்ச. போ, போயி நாஷ்டா துன்னு."

அவர் வாக்கு மாறாதவர். அதனால் அந்த டிவி ஆட்டம்தான் அவள் தலையெழுத்து என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்று, அதற்கு முந்தின வருஷமே எங்கள் வீட்டு டிவி மேல் ஒரு பெட்டி வைத்திருந்தது. கூட ஒரு சின்ன ரிமோட். வீட்டுக்காரர் ஒன்று, நான் இரண்டு, மகள் மூன்று. யார் டிவி முன்னால் உட்கார்கிறார்களோ அவர்கள் தங்கள் நம்பரை அமுக்கவேண்டும், பெட்டியில் அந்த விளக்கு எரியும். எழுந்து போனால் அணைக்கவேண்டும். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லி ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெட்டி மேல் சந்தேகம்.

"எவனோ ஆபீஸ்ல குந்திகினு நம்ம ஊட்ல யாரு யாரு கீறாங்கன்னு பாப்பான். நான் நைட் ஷிப்ட் போவ சொல்ல ரெண்டும் மூணும் மட்டும் எரிஞ்சா இன்னா அர்த்தம்? ஆம்பள இல்லாத ஊடுன்னு அர்த்தம். ஒண்ண மட்டும் போடு. உங்க ரெண்டு பேரு நம்பரையும் தொடாத."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் லைனில் ஆண்கள் ராத்திரி வேலைக்குப் போனால் பெண்கள் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பை விட்டுவைப்போம். கொடியில் ஒரு லுங்கி தொங்கும். தெருவில் போகிறவனுக்கு உள்ளே ஒரு ஆண்பிள்ளை படுத்திருக்கிறான் என்று தோன்றவேண்டும். தொழிற்பேட்டை ஓரம், தினம் புது ஆட்கள், லாரிகள். இரண்டு வீடு தள்ளி ஒருத்தி கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தச் செருப்பு மாதிரிதான் இந்த ஒன்றாம் நம்பரும். டிவி போட்டால் அதை அமுக்குவோம், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கொஞ்ச நாளில் கை தானாகவே அமுக்கியது.

மகள் டீமோடு போய்விட்டாள். ஆட்டம் எல்லாம் மத்தியானம். என் வீட்டுக்காரர் அந்த வாரம் பகல் ஷிப்ட். முதல் ஆட்டத்துக்கே லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், பழவேற்காட்டில் பிறந்தவள், வறுத்த இறாலைத் தட்டில் மூடிக்கொண்டு வந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"எங்கக்கா உன் பொண்ணு? எல்லாம் ஒரே மாதிரி கீதுங்க."

"அதோ, ஓரத்துல சேர்ல குந்திகினு கீதே, மேல ஒரு சட்ட போட்டுகினு."

"குந்தறதுக்கா அம்மாந்தூரம் போச்சி? அத இங்கயே செய்யலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று எல்லாரும் ஆட்டத்துக்குள் போய்விட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் "அடிடீ, அடிடீ" என்று கத்தினாள் ஒருத்தி. இன்னொருத்தி, கீழே விழுந்த பெண் யாரோ எவளோ, அவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுநடுவே சோப்பு விளம்பரம், சமையல் எண்ணெய் விளம்பரம். வீடு நிறையப் பெண்கள். பெட்டியில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கும் வந்தார்கள், மூன்றாவதுக்கும் வந்தார்கள். மகள் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. "அது ஒண்ணுதான் டிவியில நல்லா தெரியுது, ஓடாம கீது" என்றாள் பாய் சம்சாரம். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கேட்பார், "ஆடிச்சா?" இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவர் கைகால் கழுவப் போய்விடுவார்.

அப்புறம் ஒருநாள் பாய் வீட்டு செல்லுக்குப் போன் வந்தது. ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போனிலிருந்து மகள்.

"எம்மா, தடுக்கற பொண்ணு ஒண்ணுக்குக் கால் சுளுக்கிக்கிச்சி. நாளைக்கி செமி பைனல். மொத்த ஆட்டமும் நான்தான். நைனாவ பாக்க சொல்லு. நைனாகிட்ட சொ..." காசு தீர்ந்து அறுந்துவிட்டது.

அவர் மில்லில் யாரிடமோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். மத்தியானம் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி எதிரில் உட்கார்ந்தார். அவர் வீட்டில் இருப்பதால் மற்றப் பெண்கள் உள்ளே வரவில்லை, ஜன்னலில் நின்றார்கள். நான் எப்போதும்போல அடுப்படி நிலைப்படியில்.

சேனலைப் போட்டால் கிரிக்கெட். எப்போதோ முடிந்துபோன பழைய மாட்ச்.

"இருமே, இப்ப போடுவான்."

போடவில்லை. பாய் வீட்டு செல்லை வாங்கிக் கேபிள்காரனைக் கூப்பிட்டார். "நான் இன்னாண்ணா பண்றது? மேலயே நிறுத்திட்டானுங்கோ" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. ஜன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர் எழவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று நாட்டுக்கே தெரிந்த அந்தக் கிரிக்கெட்டை முழுசாக உட்கார்ந்து பார்த்தார். ஒருவேளை நடுவில் மாற்றிவிடுவானோ என்று. பொழுது சாய்ந்ததும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"நைனா பாத்தாரா?"

"டிவில போடலமா."

"இன்னாது?"

"அத எடுத்துட்டு கிரிக்கெட் போட்டானுங்க."

பின்னால் பஸ் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். வடகிழக்குப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு கோலில் தோற்றார்களாம். கோலுக்குள் போக இருந்த பந்து ஒன்றை நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தாளாம், கூட்டமே எழுந்து நின்றதாம். காரை எலும்புக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அவர் அந்தக் கறுப்பைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா போன?"

"நீ பாத்திருந்தா அப்டி கேக்க மாட்ட நைனா."

"டிவிகாரனே வேணாம்னு தூக்கிட்டான். அதுல இன்னா கீதுன்னு நான் நெனைக்கறது?"

ஏன் தூக்கினார்கள் என்பதை டீம் மேனேஜரம்மா ஆடிய பெண்களிடம் சொல்லியிருந்தார். "பொம்பளைங்க யாரும் பார்க்கலையாம் எம்மா. கொஞ்சம் ஆம்பளைங்க பாத்தாங்களாம், அது போதாதாம். பொம்பளைங்க பாப்பாங்கன்னுதான் சோப்பு கம்பெனிக்காரன் வெளம்பரம் குடுத்தானாம், அவன் கழண்டுகினான்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பையிலிருந்து பூட்ஸை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே அவர் ஆரணிக்குப் போய் வந்தார். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவள் வாய் திறக்கவில்லை, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். அப்பனைப்போலத்தான்.

கல்யாண வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பெட்டிக் கம்பெனி ஆள் வந்தார். தன்மையான மனுஷர்.

"இன்னாமா, நீங்களும் பாப்பாவும் டிவியே பாக்க மாட்டீங்களா? ரெண்டும் மூணும் எப்பவும் காலியாவே கீதே? ஆபீஸ்ல கேக்கறாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே செருப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நைட் ஷிப்ட் ஊடுங்கள்ல நெறைய பேரு இப்டித்தாம்மா பண்றீங்க. எங்களால எல்லா ஊட்லயும் பெட்டி வெக்க முடியுமா? உங்க ஒரு ஊட்ட வெச்சித்தான் உங்கள மாதிரி கீற அத்தன ஊட்டையும் கணக்கு போடறாங்க."

"பொம்பளைங்க ஆடற பந்தாட்டம் போட்டாங்களே சார், அதுக்கும் அப்டித்தானா?"

"எல்லாத்துக்கும்தாம்மா."

அவர் மோர் குடித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு ஊட்டால இன்னா ஆவும், பேஜாரு புடிச்சவளே" என்றார். ஆனால் அன்றைக்குச் சோற்றில் பாதியை வைத்துவிட்டார். மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மகளிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கும்?

அவளுக்கு இப்போது இரண்டு பெண்கள். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். பந்தாட்டம் டிவியில் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். என் வீட்டுக்காரருக்கு மில் தூசியில் நெஞ்சு கெட்டுவிட்டது, ஒரு கண்ணில்தான் பார்வை. போன மாதம் இருமலுக்கு நடுவில் திடீரென்று கேட்டார், "அந்தப் பந்த நெஞ்சுலயா தடுத்துச்சி, வயித்துலயா?" நெஞ்சில் என்றேன்.

அன்றைக்கும் மைதானத்தில் கேமரா இருந்தது, பின்னால் ஆளும் இருந்தான் என்று மகள் ஒருதரம் சொன்னாள். அப்பா பார்க்கிறார் என்று நினைத்துத்தான் அந்தக் கேமரா பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். டிவியில் போடாவிட்டாலும் படம் பிடித்து எங்கேயாவது வைத்திருப்பார்களா? எனக்குத் தெரியவில்லை. வருஷம் ஆறா ஏழா, அது செமி பைனலா அதற்கு முந்தின ஆட்டமா, எதிரில் ஆடியவர்கள் வடகிழக்குப் பக்கத்துப் பெண்கள்தானா, எல்லாவற்றையும் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்து, அந்தப் படம் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் ஒரு கண் தெரிகிறது.