நித்தியானந்தன் விடைபெற்ற விதம்

வாயை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. அவர்கள் சொல்வதை என்றைக்காவது ஒருவர் அப்படியே நம்பிவிடுவார். நித்தியானந்தனுக்கு இது எழுபத்தேழாம் ஆண்டில், மெல்பேர்னில், ஒரு அரசாங்க அலுவலகத்து மேசைக்கு முன்னால் இருந்தபோதுதான் உறைத்தது. அதுவரைக்கும் தன்னைப்போல் நேர்மையான கார் விற்பனையாளர் இந்தக் கண்டத்திலேயே இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

எண்ணம் முழுப் பொய்யும் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கியபோது அவருக்கு எந்தக் கந்தோரும் அலுவலக வேலை கொடுக்கவில்லை. லிட்கம் பக்கத்தில், பெருந்தெரு ஓரமாக யார்டு போட்டுப் பழைய கார்கள் விற்ற டொயில் என்ற வெள்ளைக்காரர்தான் கார் கழுவக் கூப்பிட்டார். கழுவிக்கொண்டே நித்தியானந்தன் கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொல்வார். "இதன் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மற்றபடி பிள்ளைப்பூச்சி" என்பார். வேறு எவனும் குறையைச் சொல்லாத தெருவில் இவர் ஒருவர் சொன்னதால் சனம் இவரிடமே வாங்கியது. டொயில் அதைப் பார்த்துவிட்டு, தானே முன்னின்று அவருக்கு விற்பனையாளர் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். பெயரை முழுதாகச் சொல்ல அந்த மனிதருக்கு நாக்குத் திரும்பாது. "நிட்டி" என்றுதான் கூப்பிடுவார்.

விற்பனையாளராகிய முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு ஆள் வெள்ளை ஹோல்டன் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்தான். "சீ யூ லேட்டர்" என்று சொல்லிவிட்டுப் போனான். நித்தியானந்தன் அந்தக் காரை மறுபடியும் கழுவி, சாவியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அசையவில்லை. மூடுகிற நேரத்தில் டொயில் வந்து, ஏன் இன்னும் நிற்கிறாய் என்று கேட்டார். பிறகு பார்க்கிறேன் என்று அந்தக் கனவான் சொல்லியிருக்கிறார் என்றார் இவர். டொயில் சிரித்த சிரிப்பில் அந்தக் கார்மேலேயே சாய்ந்துவிட்டார்.

"நிட்டி, இந்த ஊரில் அப்படிச் சொன்னால் இனி அவன் வரமாட்டான் என்று அர்த்தம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்றிலிருந்து யார்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, இவன் சொன்னால் சொன்னதுதான், அடுத்தவனும் அப்படித்தான் என்று நினைக்கிற அப்பாவி என்று தோளில் தட்டுவார்.

பிறகு, மனைவி சிவனேஸ்வரிக்கு மெல்பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. சிட்னியில் அவள் பார்த்துவந்த வேலையைவிட நல்லது. இருவரும் புறப்பட்டார்கள். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, சிட்னி லைசென்ஸ் எல்லை தாண்டினால் வெறும் அட்டை. ஆனாலும் ஒரு வழி இருந்தது. மெல்பேர்ன் லைசென்ஸ் கைக்கு வரும்வரை சிட்னி லைசென்ஸைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வார்கள். நிபந்தனை ஒன்றுதான்: சிட்னி வேலையை விட்டிருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு மாநிலத்தில் இரண்டு யார்டுக்கு விற்கக்கூடாது. விட்டுவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, அந்தத் தற்காலிக அனுமதியோடு ஒரு இத்தாலியரின் யார்டில் நித்தியானந்தன் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று கார் விற்றும்விட்டார்.

அப்போதுதான் அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். லைசென்ஸ் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நல்ல கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார்.

"சிட்னி வேலையை விட்டுவிட்டீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"விட்டுவிட்டேன்."

"நேற்று உங்கள் சிட்னி முதலாளியுடன் போனில் பேசினேன். நீங்கள் விடவில்லை என்கிறார். போய்விட்டுத் திரும்பி வருவதாக நீங்களே அவரிடம் சொன்னீர்களாம்."

அதிகாரி குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் டொயிலே பேசித் தெளிவுபடுத்தாவிட்டால் தற்காலிக அனுமதி ரத்து என்றார். பொய் எழுதிக் கொடுத்தவர் என்று சிட்னிக்கும் அறிவிப்போம், அதன்பிறகு இரண்டு ஊரிலும் உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்றார். காரின் கியர் கோளாறைக்கூட மறைக்காத மனிதரைப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிட்டார்கள். எப்படி வெளியே வந்தார், எந்த டிராமில் ஏறினார் என்பது அவருக்கு நினைவில்லை.

வீட்டுக்குள் வந்தவரைக் கண்டதும் சிவனேஸ்வரி பதறிப்போனாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி வாறியள்?"

"டொயில் கழுத்தறுத்துப் போட்டான்" என்றார். நடந்ததைச் சொன்னார். ஆள் இல்லாமல் வியாபாரம் படுத்திருக்கும், அந்த எரிச்சலில் வேண்டுமென்றே வயிற்றில் அடித்திருக்கிறான் என்று பொரிந்து தள்ளினார்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் இருந்தாள். "அந்த மனிசன் அப்பிடிச் செய்யாது. வெளிக்கிடேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது. போட்டு வாறன் எண்டுதான்."

"இங்கிலீசிலயோ?"

"ஓம். ஐ வில் கோ அண்ட் கம் எண்டு."

சிவனேஸ்வரி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "அதுக்கு முதல்? வேலையை விடுறன் எண்டு சொன்னனீங்களோ?"

"உமக்கு மெல்பேர்னிலை வேலை, கொண்டுபோய்க் குடியிருத்த வேணும் எண்டு சொன்னனான். வெளிக்கிடுற நேரத்திலை ஆரப்பா வாயாலை விட்டிட்டுப் போறன் எண்டு சொல்லுறது?"

"அப்ப அந்த மனிசன் பொய் சொல்லேல்லை" என்றாள் அவள்.

பிறந்ததிலிருந்து நித்தியானந்தன் எந்த வாசலிலும் 'போறன்' என்று சொன்னதில்லை. சின்னப் பிள்ளை வாய்தவறிச் சொன்னாலே வீட்டில் அதட்டித் திருத்துவார்கள். போகிறேன் என்பது திரும்பி வராதவர்களின் பேச்சு. அதனால்தான் சொல்லவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாருமே கூப்பிடாதபோது வேலை கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து, வேலையை விட்டுப்போகிறேன் என்று சொல்லத் தைரியம் வராததால், அந்த வழக்கம் வசதியாக இருந்தது என்பதும் இப்போது தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே சிட்னிக்குப் போன் போட்டார். சிவனேஸ்வரி பக்கத்தில் நின்றாள்.

"நிட்டி, எப்போது வருகிறாய்?" என்றுதான் டொயில் தொடங்கினார். "உன் மேசையில் ஒருவரையும் இருக்க விடவில்லை. வேலை கேட்டு வந்தவர்களையும் அனுப்பிவிட்டேன், என் ஆள் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று."

திட்டு விழும் என்று நித்தியானந்தன் எதிர்பார்த்திருந்தார், இதை எதிர்பார்க்கவில்லை. திக்கித் திக்கி, அது தங்கள் ஊர் வழக்கம் என்றார். போகும்போதெல்லாம் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், திரும்பி வராவிட்டாலும் அப்படித்தான் சொல்வோம் என்றார்.

டொயில் மெதுவாகப் பேசினார்.

"வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் கணக்கிலேயே எடுத்திருக்கமாட்டேன். நாங்கள் சீ யூ லேட்டர் என்பது மாதிரி ஒரு பேச்சு என்று விட்டிருப்பேன். நீ சொன்னாய். அதனால் நம்பினேன்."

நித்தியானந்தன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சரி, இப்போது நேராகச் சொல். வருகிறாயா, இல்லையா?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ காரைப் பேசி விற்ற வாய் திறக்க மறுத்தது. சிவனேஸ்வரி அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் போகிறேன், மிஸ்டர் டொயில். வரமாட்டேன்" என்றார். தன் வாழ்நாளில் அந்தச் சொற்களை அவர் முதல்முறையாகச் சொன்னார். இங்கிலீஷில் சொன்னதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"நல்லது" என்றார் டொயில். "அந்த அரசாங்க அலுவலகத்துக்கு நானே இன்றைக்குப் பேசிவிடுகிறேன். என் விளக்கக்குறைவு, அவன் பொய் சொல்லவில்லை என்று சொல்கிறேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது."

நன்றி சொல்ல நித்தியானந்தன் மூச்சை இழுத்தார். அதற்குள் டொயில் மறுபடியும் பேசினார், வழக்கமான குரலில், அவசரமில்லாமல்.

"சீ யூ லேட்டர், நிட்டி."

போன் வைக்கப்பட்டது. நித்தியானந்தன் கையிலிருந்ததை வைக்காமல் அப்படியே நின்றார்.

"என்னவாம்?" என்று சிவனேஸ்வரி கேட்டாள். "கந்தோரோடை கதைக்கிறாராமோ?"

"ஓம். லைசென்ஸ் கிடைச்சிடும்."

"கோவமோ?"

"இல்லை. சீ யூ லேட்டராம்."

அவளும் சிட்னியில் வருடக்கணக்காக இருந்தவள்தான். அவர் கையிலிருந்த போனை வாங்கி வைத்தாள்.