நான்காவது பக்கம்

அவளை எல்லோரும் முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. பகலெல்லாம் அங்கே மலைபோல் வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் துண்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, விரிப்பும் போர்வையுமாகத் தைப்பாள். தையலென்றால் அப்படியொரு தையல், எறும்பு வரிசை போகிற மாதிரி இருக்கும். ஆனால் ஓரத்துக்குப் பட்டி வைத்து மூடுகிற இடம் வந்ததும் மூன்று பக்கம் முடிப்பாள். நான்காவது பக்கத்தில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, அடுத்ததற்குத் துணி வெட்டப் போய்விடுவாள். அந்தப் பேர் அப்படி வந்ததுதான்.

சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். முடித்துவிட்டால் குற்றம் கண்ணில் படும். முடிக்காதவரை இன்னும் சரிசெய்துகொள்ளலாம் என்று மனசுக்கு ஒரு தெம்பு. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று காலத்துக்குத் தகுந்தபடி சின்னச் சின்னதாக ஆரம்பிப்பாள். காலம் போய்விடும், துணி மட்டும் அலமாரியில் கிடக்கும்.

அதே அலமாரியின் அடித்தட்டில் இன்னொன்றும் இருந்தது. கட்டிலை மூடுகிற அளவுக்கு ஒரு பெரிய போர்வை, வெட்டிய துண்டுகளாக. அதைப் பரப்பிப் பார்க்க வீட்டில் இடமில்லை. கட்டிலை நகர்த்தினால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டில் நகராது. இடம் கிடைப்பது ஒரே இடத்தில்தான். தைக்கிற பெண்களெல்லாம் வருஷத்துக்கொரு முறை ஏரிக்கரை விடுதிக்குத் தையல் முகாம் போவார்கள். அங்கே மேசைகளைச் சேர்த்துப் போட்டால் போர்வை முழுசாக விரியும். போன வருஷம் அவளும் போனாள். முடிக்காத சின்னதுகளை மூட்டை கட்டிக்கொண்டு போய், முகாம் முழுக்க அதிலேயே மல்லுக்கட்டி, பெரியதைத் தொடாமலே திரும்பினாள். அந்தச் சின்னதுகளும் முடிந்தபாடில்லை.

இந்த வருஷம் முகாமை நடத்துகிற பட்டன் கடை அக்கா முன்கூட்டியே பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு முக்கால், அரைகுறையா தைச்சது ஒண்ணு உன் கையில இருந்தாலும் பஸ்ல ஏத்த மாட்டேன். முடிச்சதை எல்லாம் கண்ணுல காட்டிட்டு ஏறு."

"என்னக்கா, என்னை மட்டும் சொல்றீங்க?"

"வேற யாரு இருக்கா, காட்டு. அவங்களுக்கும் சொல்றேன்."

ரோஷம் வந்துவிட்டது. வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி உட்கார்ந்துவிடுவாள். குடைப்படம் போட்ட மழைக்காலச் சுவர்த்துணி முடிந்தது. எலுமிச்சை நிறத்தில் வெயில்கால மேசைவிரிப்பு முடிந்தது. குளிர்காலத்தில் டீ ஆறாமலிருக்கக் கெட்டில்மேல் கவிழ்க்கிற உறையை எடுத்தாள், வந்த வேகத்தில் விறுவிறுவென்று தைத்து மேசைமேல் வைத்தாள். பூட்டு ரிப்பேர் செய்கிற புருஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கெட்டில் எந்த வழியா உள்ள போகும்?"

மூடவே கூடாத அடிப்பக்கத்தையும் சேர்த்து மூடியிருந்தாள்.

"பூட்டுத் திறக்கிறதுதான் என் தொழிலு. ஆனா இதுக்குச் சாவி என்கிட்ட இல்லை."

"சிரிச்சது போதும், அந்தக் கத்திரியை எடுங்க."

கடைசியாக, தங்கச்சி குழந்தைக்கான சின்னப் போர்வை. பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை, முகாம் கிளம்புகிற அன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. குளிர் தொடங்கிவிட்டது. அவளை பஸ் ஏற்றிவிட்டுப் புருஷன் அப்படியே போர்வையைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. முந்தின நாளே நாலு பக்கமும் மூடி, மடித்து வைத்தாகிவிட்டது.

கிளம்புகிற காலையில் ஊசிப்பெட்டியை எடுத்து வைக்கும்போது கை நின்றது. அட்டையில் ஓர் ஊசி குறைந்தது. மேசைக்கடியில் தேடினாள், சட்டைத் தோளைத் தடவினாள். அப்புறம் சுருக்கென்று ஞாபகம் வந்தது. குழந்தைப் போர்வைக்குப் பட்டி வைக்கப்போன நேரத்தில் வாசல் மணி அடித்தது. கையிலிருந்த ஊசியைப் பஞ்சுக்குள் செருகிவிட்டுப் போனாள். திரும்பி வந்து எடுத்தது வேறு ஊசி.

போர்வையின் ஓரமெல்லாம் அழுத்திப் பார்த்தாள். மூலையில் மடிப்பின் மேல் மடிப்பு, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"உள்ள இருக்கா இல்லையான்னு நிச்சயம் தெரியாம பிரிக்காத," என்று அவர் தொழில்பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு மூலையில் துணி மெல்லத் தூக்கிக்கொண்டு காந்தத்தில் ஒட்டியது.

அவள் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தாள், ஊசி இன்னும் உள்ளே போனது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போர்வையை இங்க வச்சுட்டுப் போ. திரும்பி வந்து பிரிச்சுக்கலாம்."

"அதுவரைக்கும் குழந்தை என்னத்தைப் போத்திக்கும்?"

ஒரு பக்கத்துப் பட்டி முழுவதையும் பிரித்து ஊசியை எடுத்தாள். காந்தத்தை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டினாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. படியருகில் அக்கா. சுவர்த்துணி, மேசைவிரிப்பு, கெட்டில் உறை எல்லாம் பார்த்துத் தலையாட்டினாள். புருஷன் தோளில் கிடந்த போர்வையை இழுத்துப் பக்கங்களை எண்ணினாள்.

"மறுபடியும் மூணா?"

"முடிச்சதைத்தான் பிரிச்சேன்க்கா. உள்ள ஊசி இருந்துச்சு. குழந்தைக்குப் போத்துறது."

அக்கா அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முகத்தில் கடுமை கொஞ்சம் குறைந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

"சொன்னா சொன்னதுதான். உக்காந்து தை."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பெரிய பெரிய தையலா ஓட்டிட்டு வாடி," என்று உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"குழந்தை விரல் மாட்டும். மாட்டேன்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எப்போதும் போடுகிற அதே எறும்புத் தையல்.

"இந்தம்மாவுக்காக எல்லாரும் காத்திருக்கணுமா? நான் எடுக்கப்போறேன்," என்றார் டிரைவர்.

அக்கா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றாள். "நான் இன்னும் முழுசா ஏறலையே. பாதி ஆளை இழுத்துக்கிட்டுப் போவீங்களா?"

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

கடைசி முடிச்சைப் போட்டு, நூலைக் கத்தரித்து, ஊசியை அட்டையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி குத்தினாள் முக்கால். போர்வையைப் புருஷன் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு மூலை கொஞ்சம் சுருங்கியிருந்தது, இப்போது நன்றாகத் தெரிந்தது.

"விடும்மா. குழந்தைக்குக் குளிரும்."

விட்டாள்.

முடித்த மற்றதையும் அவரிடமே விட்டுவிட்டு, பெரிய போர்வைக்கு வெட்டிய துண்டுகள் மட்டும் இருந்த பையோடு படியேறினாள்.

"முக்கால், ஜன்னல் பக்கம் வா," என்று உள்ளே இடம் ஒதுக்கினார்கள். பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் அப்போது அதைக் கவனிக்க நேரமில்லை.

"அக்கா, அங்க எத்தனை மேசை சேர்த்துப் போடலாம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.