மாவு பொங்காத மூலை

பின்கட்டில் இருந்த விறகு பாய்லரை எடுத்துவிட்டு, மகன் நேற்று கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் மாட்டினான். புகையில்லாமல் வெந்நீர்.

ஓசூர்க் குளிரில் இட்லி மாவு பொங்க, பாய்லரை ஒட்டித்தான் குண்டானை வைப்பேன். நேற்றும் அதே மூலையில், புது மெஷினுக்கு முன்னால் வைத்தேன். தண்ணீரைச் சுடவைப்பது பக்கத்தையும் சுடவைக்கும்தானே?

இன்று காலை என் இட்லிக்காகவே தேன்கனிக்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மா வந்துவிட்டார். குண்டானைத் திறந்தால் மாவு அரைத்த அளவிலேயே, ஐஸ் மாதிரி கிடந்தது. மெஷின் அதன்மேல் சில்லென்று காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

பைப்பைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்கைக் கேட்டேன்.

"ஏம்ப்பா, வெந்நி போடுற மெஷினு குளுரு காத்த ஊதுது?"

"காத்துல இருக்குற சூட்ட உறிஞ்சி தண்ணிக்குக் குடுத்துடும்மா. மிச்சக் காத்து சில்லுனுதான் வரும்."

"இந்தக் குளுர்லயுமா காத்துல சூடு இருக்குது?"

"இருக்குதும்மா."

வாசலில் கையை நீட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மட்டும் எப்படித் தெரிகிறதோ!

சம்பந்தியம்மா குளித்துவிட்டு உப்புமா சாப்பிட்டார். "வெந்நி சொகமா இருந்துச்சு சம்மந்தி. உப்புமாவ எங்கூட்லயே தின்னிருப்பேன்."

அந்த மூலையில் இப்போது கொத்தமல்லிக் கட்டு வாடாமல் இருக்கிறது. ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களே, நீங்கள் மாவை எங்கே வைக்கிறீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், சம்பந்தியம்மா இன்னும் கிளம்பவில்லை.