பச்சை காட்டிய வால்வு

காலை ஒன்பது மணி வரை சாஃப்ட்னர் வழியாக ஓடிய தண்ணீர்:

மார்ச் 3 – 92 லிட்டர்
மார்ச் 4 – 88 லிட்டர்
மார்ச் 5 – 95 லிட்டர்
மார்ச் 6 – 90 லிட்டர்
மார்ச் 7 – 0

கைபேசியில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோது உப்புக்காரர் நகரின் மறுகோடியில், ஒரு சலவைக்கூடத்தின் பின்னறையில் குந்தியிருந்தார். மணி 9.08. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர்களுக்கு உப்பு நிரப்புவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். பதினெட்டு வருடத்தில் சொந்தப் பெயர் கரைந்துபோய் உப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. அறுபத்திரண்டு வீடுகளின் பைபாஸ் வால்வுகளை இருந்த இடத்திலிருந்தே கைபேசியில் திருப்புவார்.

பூஜ்யம் காட்டிய வீடு தையல்காரம்மாவுடையது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர். ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு வீட்டிலேயே டயாலிசிஸ். கணவர்தான் ஊசி போடுவார். வால்வு பைபாஸில் நின்றால் தண்ணீர் சாஃப்ட்னரைச் சுற்றிக்கொண்டு சுண்ணாம்போடு இயந்திரத்துக்குப் போகும். நடுவிலிருக்கும் வடிகட்டி ஓரளவுதான் தாங்கும். மீறி ரத்தத்தில் சேர்ந்தால் வாந்தி, ரத்தக் கொதிப்பு, கவனிக்காவிட்டால் உயிருக்கே வினை. இன்று டயாலிசிஸ் நாள். ஊசி நேரம் 9.30.

திரையோ 'சாஃப்ட்னர் வழியாக' என்று பச்சை காட்டியது. அந்த வீட்டார் கைபேசியிலும் இதே பச்சைதான் தெரியும்.

அந்த வால்வில் நேற்று மாலைதான் அதைத் திருப்பும் புது மோட்டார் மாட்டியிருந்தார். அப்போது சாஃப்ட்னரில் ஓடும் தண்ணீரை எண்ணும் மீட்டரின் ஒயர் கழன்றிருந்தால் தண்ணீர் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். எண் மட்டும் வராது. கைப்பிடியைத் திருகலாக மாட்டியிருந்தால் திரை சொல்வதற்கு நேர்மாறாக வால்வு நிற்கும். கைப்பிடி மாட்டும் தண்டு சதுரம், நாலு பக்கமும் பொருந்தும். முதலாவதென்றால் எதையும் தொடக் கூடாது. இரண்டாவதென்றால் உடனே திருப்பியாக வேண்டும். மாற்றித் திருப்பினால் அவரே விஷம் வைத்ததுபோல.

மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. கை கழுவியதும் கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவது அந்த வீட்டு வழக்கம். வண்டியில் போனால் நாற்பது நிமிடம்.

சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டைப் பிரித்தார். 'மார்ச் 6, மாலை 6.40. பைபாஸில் வைத்துக் குழாய் திறந்து சோதனை. மீட்டர் 3 லிட்டர்.'

பைபாஸில் மீட்டர் ஒரு சொட்டும் எண்ணக் கூடாது. அப்படியானால் ஒயர் சரி, கைப்பிடிதான் தப்பு. தன் கையாலேயே எழுதிவிட்டு, எழுதியதைப் படிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

9.17. 'பைபாஸ்' என்பதை அழுத்தினார். 'கடின நீர் செல்லும். உறுதியா?' என்று திரை சிவந்தது. விரல் ஒருகணம் தயங்கியது. அழுத்தினார்.

0. மீண்டும் 0. பிறகு 2. 5. 9.

மறுபடி அழைத்தார். ஐந்தாவது முறை கணவர் எடுத்தார்.

"என்ன தம்பி, கையுறை போட்டாச்சு, இப்பப் போய் விடாம அடிக்கிறீங்க? வீடு தீப்பிடிச்சுதா?"

"அண்ணே, ஊசி குத்திட்டீங்களா?"

"இல்ல. எடுத்து வச்சிருக்கேன்."

"குத்தாதீங்க. மெஷின்ல இருக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. அது சுண்ணாம்புத் தண்ணி."

"போன்ல பச்சையாத்தானே இருந்துச்சு?"

"பச்சை பொய்ண்ணே. கைப்பிடியை நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

தையல்காரம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது. "தப்புன்னு அவரு வாயாலயே சொன்னாரா? தேதி போட்டு எழுதி வைங்க!"

உப்புக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "சுண்ணாம்பு சோதிக்கிற சொட்டு மருந்தைத் தண்ணியில விட்டுப் பாருங்கண்ணே. நீலம் வந்தா நல்ல தண்ணி. தினம் பார்ப்பீங்கல்ல?"

"பச்சை எரியுதேன்னு… ரெண்டு மாசமா விட்டுட்டேன் தம்பி." சோதனைக் குழாய் கிணுங்கியது. "சிவப்பு."

"வால்வை இங்கருந்தே திருப்பிட்டேன். தேங்கின தண்ணி போக எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க. நான் வர்றேன்."

10.05க்கு அவர் உள்ளே நுழைந்தபோது நிறம் ஊதாவுக்கு வந்திருந்தது. கைப்பிடியைக் கழற்றிச் சரியாக மாட்டினார். 10.20க்கு நீலம். மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் நீலம். இயந்திரத்தைப் புதுத் தண்ணீரில் கழுவி முடித்து, 10.50க்கு ஊசி போட்டார்கள். டயாலிசிஸ் முடியும்வரை அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் தையல்காரம்மா, "அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க. அதையும் சோதிச்சுட்டுக் குடுங்க" என்றார்.

அன்றைக்கே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, தன்னை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினார். "சும்மா இருந்த சங்கை ஏங்க ஊதுறீங்க?" என்று மனைவி தலையிலடித்துக்கொண்டார். மார்ச் 15 அன்று விளக்கம் கேட்டு முதல் கடிதம் வந்தது. மார்ச் 24 அன்று வந்த இரண்டாவது கடிதம், அறுபத்திரண்டு வால்வுகளின் கைபேசிக் கட்டுப்பாட்டையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு வால்வையும் நேரில் போய்த்தான் திருப்பினார்.

தையல்காரம்மாவும் கணவரும் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள்: எங்கள் வீட்டுக்கு அவரே வர வேண்டும், மோட்டார் மட்டும் வேண்டாம். அறுபத்தோரு வீடுகளின் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்து, தையல்காரம்மா வீட்டு வால்வைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும் என்று சொன்ன கடைசிக் கடிதம் ஏப்ரல் 19 அன்று வந்தது.