தீராத கொத்தமல்லி

ஜீவனஹள்ளி வீட்டில் எங்களுக்கென்று எதுவும் கிடையாது. வாடகை வீட்டில் வேறென்ன இருக்கும் என்று கேட்பீர்கள். நான் சொல்வது வேறு. சுவரில் ஓர் ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும். மிக்ஸி ஓட்ட நேரம் உண்டு. மாடிக் கொடியில் ஓனர் வீட்டுத் துணி இல்லை என்று எட்டிப் பார்த்த பிறகுதான் என் வாளியைத் தூக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்த எனக்கு இரண்டே மாதத்தில் மூச்சு முட்டிப்போயிற்று.

எங்கள் போர்ஷனின் வாசற்படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் கிடந்தது. அதற்கு மட்டும் யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. யாரையும் கேட்காமல் கொத்திவிட்டுக் கொத்தமல்லி போட்டேன்.

முதல் தடவை ஒன்றும் முளைக்கவில்லை. பதினைந்து நாள் தண்ணீர் தெளித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடக் கஷ்டமே, சாம்பார்ப் பொடிக்கு வறுத்து வைத்த தனியாவை அல்லவா அள்ளித் தூவியிருக்கிறேன்! என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கூடவே மிளகாயும் பருப்பும் போட்டிருந்தா சாம்பாரே முளைச்சிருக்கும்" என்றார்.

சிரிக்கட்டும். மறுநாளே வறுக்காத தனியா வாங்கினேன். முழுசாகப் போட்டால் சீக்கிரம் முளைக்காது என்று கடைக்காரர் சொன்னதால், முறத்தில் பரப்பி, மேலே பாட்டிலை உருட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து ஊறப்போட்டு விதைத்தேன். பத்தாம் நாள் மண்ணில் பச்சை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் என்ன, ரசத்தை இறக்கும்போது வாசலுக்குப் போய்க் கிள்ளி வந்து போடுவேன். தண்டையும் சேர்த்துத் துவையல் அரைப்பேன். ஓனரம்மாவும் தினம் வந்து ஒரு பிடி நறுக்கிக்கொண்டு போவார். அந்த வீட்டில் அவர்கள் என்னிடம் வந்து கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

அப்போதுதான் ஓனர் அந்த மண்ணில் சிமெண்டு போடப் போவதாகச் சொன்னார். மகன் ஸ்கூட்டர் வாங்குகிறானாம், நிறுத்த இடம் வேண்டுமாம். "மண்ணு சும்னே கிடக்குது. அவசரம் பேடா. இருக்கிற சொப்பு தீரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். அவர் பேசுவது கன்னடம் கலந்த தமிழ்; வேண்டாம் என்பதற்கு பேடா என்பார், கீரை, கொத்தமல்லி எல்லாமே அவருக்கு சொப்புதான். என் வீட்டுக்காரர் "சரிங்க சார்" என்று தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா கிடக்கிறதாம்! தீரட்டும் என்கிறாரே, தீர்ந்தால்தானே? அன்றைக்கே புதிதாக ஒரு வரிசை போட்டேன். பத்து நாள் கழித்து இன்னொன்று, அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொன்று. முதல் வரிசை நறுக்கும் பருவத்தில் இருக்கும்போது அடுத்தது விரல் உயரம் இருக்கும், அதற்கடுத்தது இரண்டிலை விட்டிருக்கும். பூத்துப்போன வரிசையைப் பிடுங்கிய கையோடு அதே இடத்தில் மறுபடி விதைப்பேன். ஓனர் வந்து எட்டிப் பார்ப்பார். சொப்பு இருக்கும். திரும்பிப் போய்விடுவார். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பாவம் பார்க்கவில்லை.

"எதுக்கு வம்பு? இந்த வாடகைக்கு வேற வீடு கிடைக்காது. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போங்க. நான் வரலை" என்பேன்.

ஒருநாள் நான் முறத்தில் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்ததை ஓனர் பார்த்துவிட்டார். வரிசைகளைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொத்தனார் சிமெண்டு மூட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டார். நான் போய் வரிசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

ஓனர் என்னைப் பார்க்கவே இல்லை. படியில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "உங்க மிஸ்ஸஸ்கிட்ட சொல்லுங்க சார். எல்லாத்தையும் பிடுங்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரருடைய பயம் எனக்குத் தெரியும். வாடகை ஒரு நாள் தள்ளிப்போனாலே தூக்கம் வராத மனுஷர். வழக்கம்போல "சரிங்க சார்" என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவகிட்டயே கேளுங்க சார்" என்றார். "அது அவ இடம்."

ஓனர் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"பிடுங்க மாட்டேன். வீட்டைக் காலி பண்ணிக்கிறோம்" என்றேன்.

நாங்கள் போன பிறகே சிமெண்டு என்று ஓனர் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். பொம்மனஹள்ளியில் வீடு கிடைக்க மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் பத்து நாளுக்கொரு வரிசை தவறாமல் போட்டேன். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று காலையும் ஒரு வரிசை விதைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஓனர் கையில் சாவியைக் கொடுத்தேன்.