மோரில் கலந்த மஞ்சள்

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் காரணம் சூடுதான். அப்பா, விருத்தாசலத்துச் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் சூளை பார்த்தவர். சூட்டைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அப்பாவின் தங்கையான அத்தை அதே எஸ்டேட்டில் பொம்மைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிற்றால் போய், ரத்தமும் கலந்து வரத் தொடங்கியபோது, சூளைச் சூடு குடலில் இறங்கிவிட்டது என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

பாண்டிச்சேரி டாக்டர், பெருங்குடலில் அழற்சி, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். மஞ்சள் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளை வைத்து இந்த நோய்க்கு ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் சமையல் மஞ்சள் அதற்கு ஈடாகாது, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாராம். அப்பா முதல் பாதியைத்தான் ஊருக்குள் சொன்னார். டாக்டரே மஞ்சளுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார் என்ற செய்தி டீக்கடை வரை போயிற்று.

மாத்திரையும் மஞ்சள் கலந்த மோருமாக அத்தை தேறினாள். பெயர் என்னவோ மஞ்சளுக்கு. அந்தச் சமயம் பார்த்துப் பெண்ணாடத்திலிருந்து நல்ல இடமாக ஒரு வரன் வந்தது. மறுநாளே மாத்திரை டப்பா அலமாரியிலிருந்து காணாமல் போனது. மாத்திரை என்றாலே ஓடி ஒளிகிற எனக்கு அதில் பரம சந்தோஷம்.

நிச்சயம் பேச வந்தவர்கள் கூடத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள். தான் கக்கூஸில் இருக்கும்வரை குழாயை மூடக் கூடாது, சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்றாள். தண்ணீரை வீணாக்கினால் முதுகில் இரண்டு விழும் வீடு அது. அன்று அம்மா வந்து பார்த்தும் திட்டவில்லை. எனக்கு அது திருவிழாவாக இருந்தது.

வெளியே வந்த அத்தையின் முகம் வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப ரத்தமா போவுது அண்ணி. மாத்திரைய மறுபடியும் போட்டுக்கட்டுமா?"

அம்மா கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்த வூட்டுல போயி தெனம் மாத்திரை போட்டா என்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? மஞ்சள்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா."

அத்தை முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணம் நடந்தது. சில மாதங்களில் பெண்ணாடத்திலிருந்து அவளை நேரே பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெருங்குடலையே எடுக்கவேண்டி வந்தது. நாங்கள் நோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னதில் பொய்யில்லை. இன்று அத்தை எங்களோடுதான் இருக்கிறாள், வயிற்றில் கட்டிய பையோடு. மாத்திரையோடு மஞ்சள் சத்தையும் சேர்த்துக் கொடுத்தால் சிலருக்குப் பலன் தெரிகிறதாம் என்று போனில் எப்போதாவது செய்தி வரும். படித்துவிட்டு அவள் கண்ணில் படாமல் அழித்துவிடுவேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குழாயடியில் நின்ற அன்று, பெரியவர்களுக்கு மஞ்சள்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று வியந்தேன். எங்கள் வீட்டில் அப்பா உட்பட ஒருவருமே மஞ்சளை நம்பியிருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.