அப்பாவுக்கு வராத நெஞ்சுவலி

எங்கள் அப்பா டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிள்ளானுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் லோரி ஓட்டினார். காய்ச்சலோடும் வேலைக்குப் போவாரே தவிர, பொய்யாக ஒரு நாள் எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்தவரல்லர். அம்மா காலமான பிறகு என்னையும் தங்கையையும் சமைத்துப்போட்டு வளர்த்தார். அப்படிப்பட்ட மனிதரை நான் பொய் பேச வைத்தேன். அப்பாவின் முதலாண்டு நினைவு மலரில் எழுதுகிற விஷயமா இது என்று தங்கை கேட்டாள். இதைத்தான் எழுத வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. "படிச்சவன் எவன் கடையில நிக்கிறான் லா?" என்று அவர் ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வேலை போய்விடும் என்று பயந்தேன். பரீட்சையோ சனிக்கிழமைகளில், கடையில் கூட்டம் நெரியும் நாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று விடுப்பு எடுத்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை!

மூன்றாம் முறை, மறுநாள் காலையே முதலாளி ஆரஞ்சுப் பையோடு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா, நெஞ்சுவலியோட இதெல்லாம் செய்யலாமா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். குழாயை மூடினார். "இப்ப பரவால்லைங்க" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலாளி போனதும் அப்பா கத்தவில்லை. "படிக்கிறது என்ன திருட்டா? நாளைக்கே போய் சொல்லிடுப்பா" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் ஓட்டினேன்.

பிறகு நெஞ்சுவலி நிஜமாகவே வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அப்பா கேட்டார்: "மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"என்ன சொன்னாரு?"

"நல்லா படின்னாரு."

அப்பா சிரித்தார். மறுநாள் இறைவனடி சேர்ந்தார். சீ, என்ன பிள்ளை நான்!

இந்த ஓராண்டும் எங்களைத் தாங்கிய உறவினர்களுக்கும், பதினாறாம் நாள் காரியம்வரை சமையலைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி. "ரொம்ப நாளா கஷ்டப்பட்டாரே, பாவம்" என்று என் தோளைப் பிடித்து அழுத முதலாளிக்கும் நன்றி.

முதலாளி, இந்த மலரின் முதல் பிரதியை உங்கள் கையில்தான் கொடுப்பேன். நான் விடுப்பு எடுத்த அந்த மூன்று சனிக்கிழமையும் அப்பா நோயாளி இல்லை. நான் பரீட்சை எழுதப் போயிருந்தேன். ஓராண்டாக நிறுத்தி வைத்த படிப்பை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் பரீட்சை இருக்கிறது. விடுப்பு வேண்டும்.